கொலோன் பேராலயம் யாருடைய காலத்துக் கட்டடம்?

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் கொலோன் நகரத்துப் பேராலயத்தைப் பற்றிய கேள்வி இது. கட்டி முடிக்க 632 ஆண்டுகள் ஆயின என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. கோபுரங்கள் 1880-இல்தான் முடிந்தன என்றும் எழுதியிருக்கிறது. அப்படியானால் அது உண்மையான கோதிக் ஆலயமா (கோதிக் என்பது இடைக்கால ஐரோப்பாவின் கூர்வளைவுக் கட்டடப் பாணி), பிற்காலத்தில் பழையதுபோலக் கட்டியதா? அத்துடன், அது ஏன் அவ்வளவு கறுப்பாக இருக்கிறது?

கறுப்புக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த 632.

1248-இல் அடிக்கல் நாட்டினார்கள், 1880-இல் முடித்தார்கள். கழித்தால் 632 வருகிறது. ஆனால் அத்தனை ஆண்டும் அங்கே உளிச்சத்தம் கேட்டதாக நினைத்துவிடக் கூடாது. 1248 முதல் 1560 வரை வேலை நடந்தது. நடுவில் வேகமாக, பிறகு மெதுவாக, கடைசியில் பெயருக்கு. அதற்கப்புறம் ஏறக்குறைய 280 ஆண்டுகள் அது பாதிக் கட்டடமாகவே நின்றது. 1842-இல் மறுபடி தொடங்கி 38 ஆண்டுகளில் முடித்தார்கள். உங்கள் கேள்விக்கான பதில் அந்த 280 ஆண்டு இடைவெளியில்தான் இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டி ஒரு தோல் வரைபடம் பிழைத்து வந்தது. அது மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் "பிற்காலத்தில் பழையதுபோலக் கட்டியது" என்று நானே சொல்லியிருப்பேன்.

கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கொலோன் ரோமானியர்கள் உண்டாக்கிய நகரம். பேரரசர் கிளாடியஸின் மனைவி அக்ரிப்பினா அங்கே பிறந்தவர். அவர் முயற்சியால் கி.பி. 50-இல் அது 'கொலோனியா' என்ற உயர்ந்த தகுதியைப் பெற்றது. அந்தச் சொல்தான் தேய்ந்து இன்றைய ஊர்ப்பெயராக நிற்கிறது. பேராலயம் நிற்கும் மேட்டின் அடியில் ரோமானியர் வீடுகளும், அவற்றின்மேல் பழைய ஆலயங்களும் அடுக்கடுக்காக இருக்கின்றன. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு 1946-இல் அகழாய்வு தொடங்கியது. 1959-இல் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிராங்க் இனத்து உயர்குடிப் பெண் ஒருவரின் கல்லறையும் ஒரு சிறுவனின் கல்லறையும் நகைகளோடும் ஆயுதங்களோடும் கிடைத்தன. ஆக, இன்றைய ஆலயம் காலியிடத்தில் எழுந்ததல்ல. அதற்கு முன் அங்கே 870-இல் அர்ச்சிக்கப்பட்ட, அதாவது சடங்கு செய்து வழிபாட்டுக்குப் புனிதமாக்கப்பட்ட, ஒரு பெரிய ஆலயம் இருந்தது. ஊருக்கு அதுவே போதுமானதாகவும் இருந்தது.

பிறகு ஏன் புதிதாகக் கட்டினார்கள்? மூன்று இராசாக்களுக்காக.

குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளைத்தான் சொல்கிறேன். அவர்களுடையவை என்று நம்பப்பட்ட எலும்புகள் இத்தாலியின் மிலான் நகரத்தில் இருந்தன. பேரரசர் பிரெடரிக் பார்பரோசா 1162-இல் மிலானைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். அவருடைய முதன்மை அமைச்சராகவும் கொலோன் பேராயராகவும் இருந்த ரைனால்ட் ஃபோன் டாசெல், 1164-இல் அந்த எலும்புகளைத் தன் ஊருக்குக் கொண்டுவந்தார். ஒரே நாளில் கொலோன் ஐரோப்பாவின் பெரிய யாத்திரைத் தலங்களில் ஒன்றாகிவிட்டது. ஆகன் நகரத்தில் முடிசூடிய ஜெர்மானிய அரசர்கள் அடுத்து இங்கே வந்து வணங்குவது வழக்கமானது. கிறிஸ்துவை முதலில் வணங்கிய அரசர்கள் இவர்கள் என்பதால், இவர்கள் முன் மண்டியிடுவது ஒரு புதிய அரசனுக்குத் தன் பதவிக்கான அங்கீகாரம்போல. இன்றும் கொலோன் நகரச் சின்னத்தில் மூன்று கிரீடங்கள் இருக்கின்றன.

அந்த எலும்புகளுக்காக 1190-ஐ ஒட்டி ஒரு பொற்பேழை செய்யத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தின் தலைசிறந்த பொற்கொல்லரான வெர்டன் ஊர் நிக்கோலஸின் கை அதில் இருக்கிறது. முடிய 1225 வரை ஆனது. நீளம் 2.2 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர். ஒரு சின்ன ஆலயத்தின் வடிவம், சுற்றிலும் தீர்க்கதரிசிகளும் திருத்தூதர்களும். பேராலயத்துக்குப் போனால் எதற்காக நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டால், கோபுரத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். அந்தத் தீர்க்கதரிசிகளின் முகங்களில் தெரியும் கவலை, கோபம், யோசனை எல்லாம் 1200-ஆம் ஆண்டில் ஒரு உலோகத் தகட்டில் வந்தவை என்று நம்பவே முடியாது. ஜனவரி 6-ஐ ஒட்டி, மூன்று இராசாக்கள் திருநாளுக்காகப் பேழையின் முன்தகட்டைக் கழற்றுவார்கள். உள்ளே கிரீடம் சூடிய மூன்று மண்டையோடுகள் தெரியும்.

இப்படி ஒரு பேழைக்குப் பழைய ஆலயம் போதாது என்று 1247-இல் குருக்கள் மன்றம் முடிவெடுத்தது. 1248 ஏப்ரலில் பழைய கட்டடத்தின் கிழக்குப் பகுதியை மட்டும் தீவைத்து இறக்கப் பார்த்தார்கள். தீ கைமீறி ஆலயம் முழுவதுமே எரிந்துபோனது. அதே ஆண்டு ஆகஸ்டு 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அன்று, பேராயர் கொன்ராட் ஃபோன் ஹோக்ஸ்டாடன் புது ஆலயத்துக்கு அடிக்கல் வைத்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இதே பேராயர் இதே ஊரில் ஓராண்டுக்கு முன்னால், 1247-இல், புனித குனிபெர்ட் ஆலயத்தை அர்ச்சித்திருந்தார். அது தடித்த சுவர்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட பழைய ரோமனெஸ்க் பாணி. கொலோனில் அந்தப் பாணியில் பன்னிரண்டு பெரிய ஆலயங்கள் இருக்கின்றன. ஊரின் உள்ளூர்க் கலை அதுதான், அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அதை விட்டுவிட்டு, வடக்குப் பிரான்சில் நடந்துகொண்டிருந்த ஒன்றை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். படிப்படியாக மாறவில்லை, தாவினார்கள். தாவியவர் தலைமைக் கொத்தர் கெர்ஹார்ட். நம் ஊர்ச் சொல்லில் ஸ்தபதி. 1220-இல் தொடங்கிய அமியென் பேராலயத்தை அவர் அங்குலம் அங்குலமாகப் பார்த்திருக்க வேண்டும் என்பது கொலோனின் தரைப்படத்தைப் பார்த்தாலே தெரியும்.

சரி, அந்தப் பிரெஞ்சுப் பாணி என்ன செய்தது? ஒரு கல் கவிகையைக் கூரையாகப் போட்டால் அதன் எடை கீழ்நோக்கி மட்டும் வராது, பக்கவாட்டிலும் தள்ளும். இரண்டு சீட்டுகளைக் கூரைபோலச் சாய்த்து வைத்தால் அடி விலகிப்போகிறதே, அதே தள்ளல். ரோமனெஸ்க் கட்டடக்காரர்கள் அதைத் தடித்த சுவரால் தாங்கினார்கள். தடித்த சுவரில் பெரிய சன்னல் வைக்க முடியாது, உள்ளே இருட்டு. கோதிக் கொத்தர்கள் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்தார்கள். வட்ட வளைவைக் கூர்வளைவாக்கினார்கள். வளைவு செங்குத்தாக ஆக ஆகப் பக்கத் தள்ளல் குறையும். கவிகைக்கு அடியில் கல் விலா எலும்புகளை ஓடவிட்டு எடையைக் குறிப்பிட்ட தூண்களுக்குக் கொண்டுவந்தார்கள். மிச்சமிருந்த தள்ளலைக் கட்டடத்துக்கு வெளியே நிற்கும் பெரிய கல் தூண்கள் தாங்கிக்கொண்டன. சுவருக்கும் அந்தத் தூண்களுக்கும் நடுவே அரைவளைவுகள் காற்றில் நீந்துவதுபோல முட்டுக் கொடுத்து நிற்கின்றன. இனிச் சுவருக்கு வேலை இல்லை. சுவர் இருந்த இடமெல்லாம் கண்ணாடி.

கொலோனில் இதைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனார்கள். உள்ளே நடுக்கூடத்தின் உயரம் 43.35 மீட்டர், பதினான்கு மாடி. அகலமோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நுழைந்ததும் கழுத்து தானாக மேலே போவது பக்தியால் மட்டுமல்ல, இந்த விகிதத்தாலும்தான். இந்த உயரத்தில் விளையாட்டு கிடையாது. பிரான்சின் போவே நகரத்தில் 48 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிய கவிகையின் ஒரு பகுதி 1284-இல் இடிந்து விழுந்தது. கொலோனின் கவிகை நின்றது. தூண்களுக்கும் முட்டு வளைவுகளுக்கும் அவர்கள் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. கிழக்குப் பக்கம் வெளியே நின்று பார்த்தால் கல் காடு என்றுதான் சொல்லத் தோன்றும்.

1322-இல் பலிபீடப் பகுதி முடிந்து அர்ச்சிக்கப்பட்டது. 74 ஆண்டு உழைப்பு. ஏழு சிற்றாலயங்கள் வளைத்து நிற்க, குருக்கள் அமர 104 ஓக் மர இருக்கைகளோடு, தூண்களில் கிறிஸ்துவும் மாதாவும் பன்னிரண்டு திருத்தூதர்களும் வண்ணம் தீட்டி நிற்க, அந்தப் பகுதி இன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இது 13, 14-ஆம் நூற்றாண்டுக் கோதிக், இதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். மேற்குப் பக்கம் திறந்து கிடந்ததால் அதை அடைக்க ஒரு தற்காலிகச் சுவர் எழுப்பினார்கள். அந்தத் தற்காலிகச் சுவரை எடுத்தது 1863-இல்.

அந்த மர இருக்கைகளைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. அழகான வேலைப்பாடுதான், அதில் யூதர்களை இழிவுபடுத்தும் சிற்பங்களும் இருக்கின்றன. அதே பலிபீடப் பகுதியில் 1266-இல் பேராயர் இரண்டாம் எங்கல்பெர்ட் வைத்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கொலோன் யூதர்களுக்கு அவர் கொடுத்த பாதுகாப்பையும் உரிமைகளையும் அது சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு 1349-இல் நடந்த படுகொலையைத் தடுக்கவில்லை. 1424-இல் யூதர்களை ஊரைவிட்டே வெளியேற்றினார்கள். வழிகாட்டிகள் பலர் பேழையையும் சன்னலையும் காட்டிவிட்டு இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். கல்வெட்டையும் இருக்கைகளையும் சேர்த்துப் பார்க்காமல் இடைக்கால ஆலயத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

பலிபீடப் பகுதிக்கு அப்புறம் வேகம் குறைந்தது. காரணங்களில் ஒன்று அரசியல். 1288-இல் வோரிங்கன் போரில் பேராயர் தோற்றார். ஊர் அவர் கையைவிட்டுப் போனது. பேராயர் குடியிருப்பு பான், ப்ரூல் என்று வெளியே நகர்ந்தது. பேராயரின் பேராலயம், பேராயரை ஏற்காத ஊரின் நடுவில் நின்றது. இருந்தும் வேலை ஓடியது. 1360-ஐ ஒட்டித் தெற்குக் கோபுரத்தைத் தொடங்கி இரண்டு அடுக்கு எழுப்பினார்கள். 1448, 1449-இல் வார்த்த இரண்டு பெரிய மணிகள் இன்றும் அதில் ஒலிக்கின்றன. நடுக்கூடத்தின் பக்கப் பகுதிகள் தாழ்வான உயரத்துக்கு எழுந்து தற்காலிகக் கூரை போட்டுக்கொண்டன. வடக்குப் பக்கச் சன்னல்களில் 1507 முதல் 1509 வரை அருமையான வண்ணக் கண்ணாடிகள் வைத்தார்கள். அதற்குள் காலம் மாறிவிட்டது. மதச் சீர்திருத்தம் வந்து யாத்திரைக் காணிக்கை வற்றியது, இத்தாலியப் பாணிக்கு முன் கோதிக் பழசாகிப்போனது. 1560-இல் குருக்கள் மன்றம் பணத்தை நிறுத்தியது.

ஏறக்குறைய 56 மீட்டரில் நின்றுபோன தெற்குக் கோபுரத்தின் உச்சியில், கல் தூக்கும் மரப் பாரந்தூக்கியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஆட்கள் உள்ளே நின்று மிதித்துச் சுற்றும் சக்கரத்தால் இயங்கியது அது. 1531-இல் ஆன்டன் வூன்சாம் செதுக்கிய நகரக் காட்சியில் அந்தப் பாரந்தூக்கி தெளிவாகத் தெரியும். 1868-இல்தான் இறக்கினார்கள். கொலோனில் பிறந்து வளர்ந்து இறந்த எத்தனையோ தலைமுறைக்கு, பேராலயம் என்றால் உச்சியில் பாரந்தூக்கி நிற்கும் அரைக் கோபுரம்தான். 'பேராலயம் முடிகிற நாளில் உலகமும் முடியும்' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு; இன்றும் சாரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள்.

இனி அந்த வரைபடம்.

மேற்கு முகப்புக்கு, அதாவது இரட்டைக் கோபுரங்களோடு நாம் இன்று பார்க்கும் முகத்துக்கு, 1300-ஐ ஒட்டிய காலத்தில் ஒரு கொத்தர் முழு வரைபடம் தீட்டியிருந்தார். பதனிட்ட தோல் துண்டுகளை ஒட்டி, நான்கு மீட்டருக்கும் மேல் உயரத்தில், வாசல் முதல் கோபுர நுனியின் கல் பூ வரை. ஆய்வாளர்கள் அதை 'முகப்பு வரைபடம் எஃப்' என்பார்கள். 1794-இல் பிரெஞ்சுப் படை வந்தது. குருக்கள் ஓடினார்கள், ஆவணங்களை ரைனுக்கு அந்தப் பக்கம் அனுப்பிப் பத்திரப்படுத்தப் பார்த்தார்கள். அந்த அலைச்சலில் வரைபடம் இரண்டாகப் பிரிந்து காணாமல் போனது. பேராலயமே தீவனக் கிடங்காகவும் போர்க்கைதிகளை அடைக்கும் இடமாகவும் ஆனது.

1814-இல் டார்ம்ஸ்டாட் நகரத்தில் ஒரு சத்திரத்தின் பரணில் வரைபடத்தின் ஒரு பாதி கிடைத்தது. பயறு காயவைக்க விரித்துப் போட்டிருந்தார்கள் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. அது கட்டடக்கலைஞர் கியோர்க் மோல்லரின் கைக்கு வந்தது. அவர் அதை அடையாளம் கண்டுகொண்டார். இரண்டு ஆண்டு கழித்து, 1816-இல், மறுபாதியைப் பாரிசில் சுல்பிஸ் புவாசேரே கண்டுபிடித்தார். கொலோன் வணிகக் குடும்பத்துப் பிள்ளை. இளம் வயதிலிருந்தே இந்த இடிபாட்டை அளந்து வரைந்துகொண்டிருந்தவர். கோதிக்கிலிருந்து விலகிப்போயிருந்த கவிஞர் கோதேயையே இதன் பக்கம் திருப்பியவர். ஒரு கட்டடத்துக்கு ஒரு மனிதர் இவ்வளவு விசுவாசமாக இருக்க முடியுமா என்று அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். மூல வரைபடம் இப்போது பேராலயத்துக்குள்ளேயே ஒரு சிற்றாலயத்தில், வெளிச்சம் படாமல் திரைக்குப் பின்னால் தொங்குகிறது. பெரும்பாலானவர்கள் அதைக் கவனிக்காமல் நடந்துபோவார்கள். நீங்கள் தேடிப் போய் அந்த இடத்தில் நில்லுங்கள்.

1815-இல் ரைன் பகுதி பிரஷ்யாவிடம் போனது. நெப்போலியனைத் துரத்திய உற்சாகத்தில் இருந்தவர்களுக்கு, சிதறிக் கிடந்த ஜெர்மானிய நாடுகள் ஒன்றாக வேண்டும் என்ற கனவுக்குப் பாதியில் நின்ற இந்தப் பேராலயம் பொருத்தமான உருவகமாகத் தெரிந்தது. 1842 செப்டம்பர் 4 அன்று பிரஷ்ய அரசர் நான்காம் பிரெடரிக் வில்லியம் இரண்டாவது அடிக்கல்லை வைத்தார். அவர் புராட்டஸ்டண்ட், ஆலயம் கத்தோலிக்கம். செலவை அரசும் பொதுமக்கள் சேர்ந்து அமைத்த கட்டுமானச் சங்கமும் பகிர்ந்துகொண்டன. பணம் போதாதபோது 1860-களில் சங்கம் லாட்டரி நடத்தியது. கோபுரங்கள் எழுந்தது பெரும்பாலும் அந்தச் சீட்டுப் பணத்தில்.

எர்ன்ஸ்ட் பிரெடரிக் ஸ்விர்னர் 1861-இல் இறக்கும்வரை வேலையை நடத்தினார். அவருக்குப் பின் ரிச்சர்ட் ஃபோய்க்டல் முடித்தார். 1880-இல் 157 மீட்டர் உயரக் கோபுரங்கள் இரண்டும் நின்றபோது, உலகத்தில் அதைவிட உயரமான கட்டடம் இல்லை. நான்கு ஆண்டு கழித்து வாஷிங்டன் நினைவுத் தூண் அதை முந்தியது. வடக்குக் கோபுரம் தெற்கைவிட 7 சென்டிமீட்டர் உயரம். அக்டோபர் 15 அன்று நடந்த நிறைவு விழாவுக்குப் பேரரசர் முதலாம் வில்லியம் வந்திருந்தார். பேராயர் மெல்ஷர்ஸ் இல்லை. பிரஷ்ய அரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் நடந்த மோதலில் அவர் நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கே வருகிறேன். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கோதிக் போலக் கட்டிய ஆலயங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் பழைய பாணியை எடுத்துக்கொண்டு புதிய மனம் வடிவமைத்தது. கொலோனின் மேற்கு முகப்பில் நடந்தது வேறு. வடிவமைத்தவர் இடைக்காலக் கொத்தர். ஐந்நூற்றைம்பது ஆண்டு கழித்து வந்தவர்கள் அவர் சொன்னபடி கட்டினார்கள். கோபுரங்களின் கல் 19-ஆம் நூற்றாண்டு, கோபுரங்களின் சிந்தனை 1300. நாடகத்தை எழுதியவர் போய் நெடுங்காலம் கழித்து முதல்முறையாக மேடையேற்றினால், அது போலி நாடகம் ஆகிவிடாதல்லவா?

ஆனால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது, அதையும் சொல்ல வேண்டும். தெற்குக் குறுக்குக் கூடத்தின், அதாவது சிலுவை வடிவ ஆலயத்தின் தெற்குக் கையின், முகப்புக்கு இடைக்கால வரைபடம் கிடையாது. அது ஸ்விர்னரின் சொந்த வடிவமைப்பு. நன்றாகப் பார்த்தால் தெரியும்: கோணங்கள் கறாராக, எல்லாம் அளவெடுத்த மாதிரி. நல்ல வேலைதான், ஆனால் அது அவர் காலத்து வேலை. அதைவிடப் பெரிய வேறுபாடு மேலே கூரையில் இருக்கிறது. இடைக்காலத்தில் கவிகைக்கு மேல் மரச்சட்டம் போட்டிருப்பார்கள். ஸ்விர்னரும் ஃபோய்க்டலும் இரும்புச் சட்டம் போட்டார்கள். ஐஃபெல் கோபுரத்துக்கு முந்தைய ஐரோப்பிய இரும்பு வேலைகளில் பெரியவற்றுள் அது ஒன்று. கீழே நிற்பவருக்குத் தெரியாது. கூரைப் பகுதிக்கு வழிகாட்டியோடு அழைத்துப்போகும் ஏற்பாடு இருக்கிறது, வாய்ப்பு கிடைத்தால் தவறவிடாதீர்கள். ரயில்நிலையக் கூரைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும்.

அந்த இரும்புதான் பிற்பாடு ஆலயத்தைக் காப்பாற்றியது. இரண்டாம் உலகப்போரில் 14 பெரிய குண்டுகள் பேராலயத்தைத் தாக்கின. சுற்றிலும் பழைய ஊர் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. நடுக்கூடத்தின் கவிகைகள் பல விழுந்தன. மரக்கூரையாக இருந்திருந்தால் தீக்குண்டுகளுக்கு மிஞ்சியிருக்காது. முன்கூட்டியே பேழையையும் பழைய வண்ணக் கண்ணாடிகளையும் வெளியே கொண்டுபோயிருந்தார்கள். 1943 நவம்பரில் ஒரு குண்டு வடக்குக் கோபுரத்தின் மூலைத் தூணில் பெரிய பள்ளம் பறித்தது. கோபுரமே சாய்ந்துவிடும் என்ற பயத்தில் அவசரமாகச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அந்தச் செங்கல் ஒட்டு அறுபது ஆண்டுகள் வெளியே தெரிந்தது. 2005-க்குள் அதைக் கல்லால் மூடினார்கள். அது தெரியும்படியே இருந்திருக்கலாம் என்பது என் கட்சி. ஊரிலும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். பலிபீடப் பகுதி 1948-இல், அடிக்கல்லின் 700-ஆம் ஆண்டுக்குத் திறந்தது. முழு ஆலயமும் திறக்க 1956 ஆனது.

போரில் போன சன்னல்களில் ஒன்று தெற்குக் குறுக்குக் கூடத்தில் இருந்தது. அங்கே 2007-இல் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் சன்னல் வந்தது: 113 சதுர மீட்டர், 72 நிறங்களில் 11,263 சின்னச் சதுரக் கண்ணாடிகள், உருவம் எதுவும் கிடையாது. நிறங்களின் இடத்தைப் பெரும்பாலும் கணினியின் குலுக்கல் முடிவு செய்தது. அப்போதைய கர்தினால் மைஸ்னருக்கு அது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். நண்பகலில் வெயில் அதன் வழியாக வந்து சாம்பல்நிறத் தரையில் விழும்போது நான் நின்று பார்த்திருக்கிறேன். சுவரை எடுத்துவிட்டு ஒளியை வைக்க வேண்டும் என்று கெர்ஹார்ட் கொத்தர் நினைத்ததற்கு இது விரோதம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மணியைப் பற்றிச் சுருக்கமாக. பிரெஞ்சுப் போரில் பிடித்த பீரங்கிகளை உருக்கி 1870-களில் 27 டன் மணி ஒன்றை வார்த்தார்கள். முதல் உலகப்போரில் அதையும் போருக்காக உருக்கிவிட்டார்கள். அதற்குப் பதில் 1923-இல் வார்த்த புனித பேதுரு மணி 24 டன். ஊர்க்காரர்கள் 'குண்டுப் பேதுரு' என்று பொருள்படும் செல்லப்பெயரில் கூப்பிடுவார்கள். பெரிய திருநாள்களில் மட்டும் அடிப்பார்கள். தெற்குக் கோபுரத்தின் 533 படிகளில் ஏறினால் வழியில் பார்க்கலாம்.

இனி கறுப்பு. முடிந்தபோது ஆலயம் கறுப்பாக இல்லை. இடைக்காலக் கொத்தர்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது டிராக்கன்ஃபெல்ஸ் மலையின் எரிமலைக் கல். ரைனில் மேலே, பான் நகரத்துக்கும் அப்பால் இருக்கும் மலை. வெட்டிய கல்லைப் படகில் ஏற்றினால் ஆறே கொண்டுவந்து சேர்க்கும். 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி தொடங்கியபோது அந்தக் கல் கிடைக்கவில்லை. மலையுச்சியில் உள்ள பழைய கோட்டை இடிந்துவிடக் கூடாது என்று பிரஷ்ய அரசே 1836-இல் இடத்தை வாங்கிக் கல் வெட்டுவதை நிறுத்தியிருந்தது. அதனால் வேறு வேறு ஊர் மணற்கற்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஸ்டுட்கார்ட் பக்கத்து ஷ்லைட்டோர்ஃப் மணற்கல் பெரிய தவறாகப் போனது. அதன் மணலைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புத் தன்மையுள்ள பொருள். அமில மழை பட்டால் கரையும். சில இடங்களில் எழுநூறு ஆண்டுக் கல் நின்றிருக்க, நூற்றைம்பது ஆண்டுக் கல் பொடியாக உதிர்ந்தது.

நிலக்கரிப் புகையில் உள்ள கந்தகம் மழையோடு சேர்ந்து அமிலமாகிறது. அது கல்லில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சம் மேலோடாகிறது. அந்த மேலோட்டில் கரித்தூசி சிக்கிக்கொள்கிறது. கொலோனில் ஆலயத்துக்கு ஒட்டினாற்போல 1859-இலேயே ரயில்நிலையத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்; ரயில் பாலமும் ஆலயத்தின் நேர் அச்சில் ரைனைக் கடக்கிறது. நூறு ஆண்டு நீராவி இஞ்சின் புகை போதாதென்று, ரைன், ரூர் பகுதித் தொழிற்சாலைகளின் புகையும் சேர்ந்தது. வெறும் அழுக்கு என்றால் கழுவிவிடலாம். இது கல்லோடு கலந்துவிட்ட ஓடு. சுரண்டினால் கல்லின் தோலும் கூடவே வரும். அதனால் முழுவதும் வெளுக்க வைக்கும் பேச்சே அங்கே கிடையாது.

மாறாக, நைந்த கல்லை ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். பேராலயத்துக்கென்றே இயங்கும் கட்டுமானப் பட்டறையில் கல்தச்சர், கண்ணாடி வேலைக்காரர், கொல்லர், தச்சர், சாரம் கட்டுகிறவர் என்று சுமார் நூறு பேர் ஆண்டு முழுவதும் வேலை செய்கிறார்கள். போருக்குப் பின் அவர்கள் செதுக்கிய சிற்பங்களில் கால்பந்து ஆடுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். இடைக்காலக் கொத்தர்களும் தங்கள் காலத்து முகங்களைத்தான் மூலைகளில் செதுக்கினார்கள்.

நேரில் போனால் தெற்குக் கோபுரத்தின் அடியில் உள்ள புனித பேதுரு வாசலில் தொடங்குங்கள். மேற்கு முகப்பின் வாசல்களில் இடைக்காலத்தைச் சேர்ந்தது அது ஒன்றுதான். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்லர் குடும்பத்துச் சிற்பிகளின் மரபில் வந்தவர்கள் செதுக்கியது. அதைப் பார்த்த கண்ணோடு பக்கத்து வாசல்களின் 19-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களைப் பாருங்கள். அங்கே வேறுபாடு தெரியும். அப்புறம் பின்னால் நகர்ந்து நின்று, கோபுரத்தில் பழைய வேலை எந்த உயரத்தில் முடிகிறது என்று தேடுங்கள். எனக்கு அதைக் கண்டுபிடிக்க மூன்று தடவை போக வேண்டியிருந்தது. அங்கங்கே வெளுத்துத் தெரியும் கற்கள் மட்டும் வேறு. அவை சமீபத்தில் மாற்றியவை.